பூ வூரியின் கிரா-கிரா

நாற்காலியை இழுத்துப் போட்டு "உட்காருங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் பூ வூரியின் கை ரிமோட்டின் மேல் இருக்கிறது. எந்த வீடானாலும் இதுதான். பிள்ளை பெற்ற வீடு, சாவு விழுந்த வீடு, புதுக் கூரை போட்ட வீடு என்று அவர் வேறுபாடு பார்ப்பதில்லை. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கும் அந்தக் கறுப்புக் கட்டையை எடுத்து, அதன் முனையைத் தன் கைப்பேசியின் கேமராவுக்கு நேரே பிடித்து, ஒரு பொத்தானை அழுத்துகிறார். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி கேமராவுக்குத் தெரியும். திரையில் ஊதாப் புள்ளி ஒன்று துடிக்கிறது. அவர் தலையை ஆட்டிக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரரின் முகம் அவர் கண்ணில் படுகிறது.

"டீ போடட்டுமா பூ?"

"இந்தப் பிள்ளைய எங்க வாங்குனீங்க?"

"எந்தப் பிள்ளை?"

"இதுதான். சரியான அவசரக்காரப் பிள்ளை. ஒரு தடவை அழுத்துனா மூணு தடவை சொல்லுது பாருங்க."

ரிமோட்டுகள் எல்லாம் அவருக்குப் பிள்ளைகள். அவசரக்காரப் பிள்ளை, சோம்பேறிப் பிள்ளை, வாய்க்குள்ளேயே முனகும் பிள்ளை. எங்கள் சந்தில் யார் வீட்டு ரிமோட் எந்த ரகம் என்று அவரைக் கேட்டால் உடனே சொல்லுவார். அந்த வீட்டுக்காரரின் பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்.

ஐம்பதை நெருங்கும் வயது. முழுப் பெயர் வூரியந்தாரி. மரியாதைக்கு, அம்மா என்பதுபோல, முன்னால் ஒரு 'பூ' சேர்த்து, பூ வூரி. எங்கள் ஊரான சலாத்திகாவில் ஒரு கூட்டுறவுச் சேமிப்புச் சங்கத்தின் கணினிப் பிரிவில் வேலை. பாத்திக் சட்டை, பழுப்புத் தலைத்துணி. மற்ற பெண்கள் தலைத்துணியில் ஊசி குத்தும் இடத்தில் இவர் விரல் நீளத் திருப்புளி ஒன்றைச் செருகியிருப்பார். தொழுகையின்போது எடுத்துவிட வேண்டும் என்பது அவரே போட்டுக்கொண்ட விதி. ஒருமுறை மறந்துவிட்டார். குனிந்தபோது அது பக்கத்துப் பெண்ணின் மடியில் விழுந்தது. அந்தப் பெண் அதைக் கொண்டுபோய்த் தன் வீட்டுத் தாழ்ப்பாளைச் சரிசெய்துவிட்டு அடுத்த வாரம்தான் திருப்பிக் கொடுத்தாராம். "நல்லா முறுக்கியிருந்தாங்க. நான் போய்ப் பாத்தேன்" என்கிறார் பூ வூரி.

அவர் ஒரு நூலகத்தைப் பராமரிக்கிறார் என்ற செய்தி எங்கள் சந்தில் முதலில் பரவியபோது, எதிர்வீட்டு பூ தாத்திக் பழைய வார இதழ்களை இரண்டு கட்டாகக் கட்டிக்கொண்டு வந்து அவர் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். அது புத்தக நூலகம் இல்லை, கணினிக்குள் இருக்கும் நூலகம், மற்ற மென்பொருள்கள் தங்களுக்கு வேண்டிய நிரல்களை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்று பூ வூரி விளக்கினார். பூ தாத்திக் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும், "அப்ப வார இதழ் வேண்டாமா?" என்றார். அந்தக் கட்டுகள் இன்றும் பூ வூரியின் அறையில் கணினித் திரைக்கு அடியில் இருக்கின்றன. திரை கண்ணுக்குச் சரியான உயரத்தில் நிற்கிறது.

அந்த நூலகம் செய்வது ஒரே வேலை. வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு ரிமோட்டைக் கொண்டு கணினியை ஏவ உதவுகிறது. பழைய தொலைக்காட்சியின் ரிமோட், மின்விசிறியின் ரிமோட், செத்துப்போன டிவிடி பெட்டியின் ரிமோட், எதுவானாலும் சரி. கணினியில் அரிசிமணி அளவுக்கு ஒரு கண் பொருத்த வேண்டும். ரிமோட் மினுக்கும் மினுக்குகளை அந்தக் கண் பார்க்கும். இந்த மினுக்கு 'நிறுத்து', இந்த மினுக்கு 'அடுத்த பாட்டு' என்று நூலகம் கணினிக்கு எடுத்துச் சொல்லும். உலகம் முழுவதும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். காசு கிடையாது. பராமரிப்பவருக்கும் கிடையாது.

இதைத் தொடங்கியவர் ஒரு நார்வேக்காரர். பூ வூரி அவருக்குச் செய்த உதவி, விளக்கக் குறிப்பில் இருந்த ஓர் எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டியது மட்டும்தான். சில காலம் கழித்து அந்த மனிதர், தனக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, இனி நேரமில்லை, யாராவது ஏற்றுக்கொள்ள முடியுமா என்று பொதுவில் எழுதினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பூ வூரி அப்போது தங்கை மகள் கல்யாணத்துக்காக வோனோகிரிக்குப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் பராமரிப்பாளர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது.

"கூட்டத்துக்கு வராதவங்கள செயலாளர் ஆக்கிவிடுறது நம்ம பேட்டைப் புத்தின்னு நெனச்சேன். நார்வேக்காரனுக்கும் இருக்குது" என்பார்.

விடியற்காலையில் சோற்றுப் பானையின் பொத்தானைத் தட்டிவிட்டு அவர் உட்காருகிறார். முகம் தெரியாத ஊர்களிலிருந்து வந்திருக்கும் புகார்களுக்குப் பதில் எழுதுகிறார். பெரும்பாலான புகார்கள் ஒரே வாக்கியம்தான்: என் ரிமோட் வேலை செய்யவில்லை. அவர் கேட்கும் கேள்விகளும் எப்போதும் அதே மூன்றுதான். எந்த ரிமோட், எந்தக் கண், எவ்வளவு தூரம். சிலர் கோபமாக எழுதுவார்கள், சிலர் தங்கள் கதையைச் சொல்வார்கள். மிண்டனாவோவில் ஒருவருக்குக் கைநடுக்கம், மவுஸைப் பிடிக்க முடியாது. மின்விசிறி ரிமோட்டின் பெரிய பொத்தான்களால் தன் கணினியை ஓட்டி, பேரப்பிள்ளைகளின் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பூ வூரி அவருக்கு இரண்டு வரி எழுதுவார். அந்த ரிமோட்டின் மினுக்குகளைப் பற்றி எழுதுவார், பேரப்பிள்ளைகளைப் பற்றி எழுத மாட்டார். எனக்கு அது ஒரு குறையாகவே பட்டது. ஆனால் அந்த மனிதர் ஒவ்வொரு முறையும் அவருக்குத்தான் எழுதினார்.

பூ வூரியைப் புரிந்துகொள்ள ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிரா-கிரா. இங்கே எல்லோர் வாயிலும் நாள் முழுக்கப் புழங்கும் சொல். ஏறக்குறைய, சுமாராக, ஒரு மதிப்பா என்று பொருள். மீன் எவ்வளவு எடை என்றால் கிரா-கிரா இவ்வளவு. மாப்பிள்ளை எப்போது வருவார் என்றால் கிரா-கிரா மத்தியானம்.

ரிமோட் பேசுவது நீள மினுக்கும் குட்டை மினுக்குமாக. எந்த மினுக்கு எவ்வளவு நீளம் என்று நூலகத்திடம் ஓர் அளவு இருக்கிறது. ஆனால் எந்த ரிமோட்டும் அச்சுக் குத்தினாற்போல அந்த அளவில் மினுக்குவதில்லை. கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். எவ்வளவு கூடினால், குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்பதற்கு நார்வேக்காரர் ஓர் எண் வைத்திருந்தார். பூ வூரி பொறுப்பேற்றதும் அந்த எண்ணுக்கு 'கிரா-கிரா' என்று பெயர் மாற்றினார். "இந்தச் சொல்லை மொழிபெயர்க்க வேண்டாம்" என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதிவைத்தார்.

இந்தக் கிரா-கிராவின் மேல்தான் அடி விழுந்தது.

கணினிக்கான இயங்குதளத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. பூ வூரியின் நூலகத்தை எடுத்துக்கொள்ளும் பெரும்பாலோருக்கு அது அந்தத் தொகுப்பின் வழியாகத்தான் போய்ச் சேருகிறது. அதில் எது இருக்கலாம், எது வெளியேற வேண்டும் என்று பார்ப்பவர்களில் யோரிஸ் என்ற ஹாலந்துக்காரர் ஒருவர். அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பூ வூரி அதைச் சந்து முனையில் இருக்கும் சோத்தோக் கடையில், கோழி ரசம் ஊற்றிய சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கைப்பேசியைச் சாய்த்துவைத்துப் படித்துக் காட்டினார்.

"உங்க நூலகத்தப் பத்தி ரொம்ப நாளா ஒரு புகார் அப்படியே கெடக்குது. காலையில வேலை செய்யுது, மத்தியானம் நின்னுபோகுதுன்னு பல பேர் எழுதியிருக்காங்க. நான் இங்க சோதிச்சுப் பாத்தா எந்தக் கோளாறும் வரல. காரணத்த நீங்களும் சொல்லல. ரிமோட்டப் புரிஞ்சுக்கிற வசதி இப்ப இயங்குதளத்துக்குள்ளேயே இருக்கு, அது அளவு பாத்துத் துல்லியமா வேலை செய்யுது. உங்களோடது ஊகிக்குது. ஊகிக்கிற மென்பொருள நம்ப முடியாது. அடுத்த பதிப்புக்கு முன்னாடி காரணம் கெடைக்கலைன்னா எடுத்துரலாம்னு முன்மொழியறேன்." நிறுத்தி, "அப்புறம் அன்புடன்னு போட்டிருக்கான்" என்றார்.

பூ தாத்திக் மிளகாய்த் துவையலை வழித்துப் போட்டுக்கொண்டிருந்தார். "ஹாலந்துக்காரனா?"

"ஆமா."

"முந்நூத்தி அம்பது வருஷம் நம்மள ஆண்டது பத்தலையாமா அவனுக்கு?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். பூ வூரி சிரிக்கவில்லை. "எடுத்துட்டா மத்தவங்களுக்குப் போய்ச் சேராது பூ. ஞாயித்துக்கிழமை உங்க செனாம் ஆட்டத்துக்கு ரிமோட்டால பாட்டு மாத்துறீங்களே, அதுவும் போயிரும்."

"அய்யய்யோ. எப்படி? என் ரிமோட்டு என் இடுப்புலதானே இருக்கு?"

"ரிமோட்டு இருக்கும். அது சொல்றதக் கேக்க ஆள் இருக்காது."

நானோ உள்ளுக்குள் யோரிஸின் பக்கம் சாய்ந்திருந்தேன். துல்லியமாக இருப்பதும் ஓர் அறம்தான். சுமார் என்பதை நாம் பல நேரங்களில் சோம்பலுக்குப் போர்வையாகப் போர்த்துகிறோம். ஊகத்தையும் அறிவையும் பிரித்துப் பார்க்கச் சொல்லித்தான் எத்தனையோ பேர் எத்தனையோ நூற்றாண்டுகளாக எழுதியிருக்கிறார்கள். காலையில் வேலை செய்து மத்தியானம் படுத்துக்கொள்ளும் ஒரு பொருளுக்காக வாதாட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

பூ வூரியிடமும் அப்போது ஒரு சந்தேகம் மட்டுமே இருந்தது. வெயில். சூரிய வெளிச்சத்திலும் அகச்சிவப்பு இருக்கிறது. மத்தியான வெயில் கணினியின் கண்ணைக் கூச வைக்கிறதோ என்று நினைத்தார். சோதிக்க இடம் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் பேட்மிண்டன் தளத்தில் பெண்கள் கூடிப் பாட்டுக்கு ஏற்ற உடற்பயிற்சி செய்வார்கள். அதுதான் செனாம். மேடையில் பூ தாத்திக், அவருக்குப் பின்னால் மடிக்கணினி, இடுப்பில் செருகிய பழைய டிவிடி ரிமோட். உடம்பைச் சூடேற்றும் துள்ளல் பாட்டுக்கு ரிமோட் சொன்னபடி கேட்கும். வெயில் ஏறி, உடம்பை ஆற்றும் மெதுவான பாட்டுக்குப் போகும்போது சண்டித்தனம் செய்யும்.

ஒரு ஞாயிறு மடிக்கணினிக்கு மேல் குடை கட்டினார். அடுத்த ஞாயிறு அதைச் சுற்றி அட்டைப்பெட்டி வைத்தார். அதற்கடுத்த ஞாயிறு போர்வை.

"பூ வூரி, அது கம்ப்யூட்டரா, காய்ச்சல்காரனா?"

"அழுத்துங்க பூ."

"அழுத்தறேன், அழுத்தறேன். கேக்க மாட்டேங்குதே. கட்டை விரல் தேயுது!"

"இன்னும் கிட்ட வாங்க."

"இன்னும் கிட்ட வந்தா கையாலேயே தட்டிட்டுப் போயிரலாமே! எதுக்கு ரிமோட்டு?"

கீழே நின்றவர்கள் கையைத் தூக்கியபடியே சிரித்தார்கள். போர்வைக்குள்ளும் ரிமோட் தோற்றது. வெயில் காரணமில்லை என்று ஆகிவிட்டது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பூ வூரி எந்த வீட்டு ரிமோட்டையும் விசாரிக்கவில்லை. அவருக்கு மனம் விட்டுப்போயிருந்தது என்பதை அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

காரணம் ஒரு சனிக்கிழமை கிடைத்தது. கிடைத்த இடம் பூ தாத்திக்கின் மதில்சுவர்.

போர்வையைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தார் பூ வூரி. நானும் என் வீட்டு ஏணியைக் கேட்டு வாங்க அங்கே நின்றிருந்தேன். மதில்மேல் மூங்கில் தட்டுகளில் கெருபுக் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. தட்டின் ஓரத்தில், வற்றல்களோடு வற்றலாக, இரண்டு பேட்டரிகள் படுத்திருந்தன.

பூ வூரி போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"இது என்ன பூ?"

"கெருபுக். பொரிச்சதும் தர்றேன்."

"அதில்ல. பேட்டரி."

"ரிமோட்டுப் பேட்டரி. நாளைக்குச் செனாம் இருக்குல்ல? காய வச்சா உயிர் வரும். வெயில் சும்மாதானே அடிக்குது."

"ஒவ்வொரு வாரமுமா?"

"பின்ன? புதுசா வாங்குவாங்களா? கடைசிச் சொட்டு வரைக்கும் இருக்குமே அதுல."

"இத ஏன் பூ எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"இதுல சொல்ல என்ன இருக்கு? பல்லு வெளக்குனேன்னு உங்ககிட்ட வந்து சொல்றேனா?"

பூ வூரி மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, சத்தமே இல்லாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு. பூ தாத்திக் என்னைப் பார்த்து, "என்னாச்சு இவங்களுக்கு?" என்று கேட்டார்.

ஆனது இதுதான். வெயிலில் காய்ந்த பேட்டரிக்குக் காலையில் கொஞ்சம் தெம்பு வருகிறது. ரிமோட் உற்சாகமாக மினுக்குகிறது. தெம்பு வடிய வடிய, மலிவான ரிமோட்டின் மினுக்குகள் நீண்டுகொண்டே போகின்றன. களைத்தவன் பேச்சு இழுப்பது மாதிரி. ஒரு கட்டத்தில் அந்த இழுப்பு நூலகத்தின் கிரா-கிராவையும் தாண்டிவிடுகிறது. நூலகம் காதைப் பொத்திக்கொள்கிறது. ரிமோட் கெடவில்லை, கணினியின் கண்ணும் கெடவில்லை. யோரிஸின் நாட்டில் பேட்டரி தளர்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு போடுகிறார்கள். அதனால் அங்கே இந்தக் கோளாறு எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இங்கே எல்லோரும் காய வைக்கிறார்கள். எல்லோரும் செய்வதாலேயே ஒருவருக்கும் அதை எழுதத் தோன்றவில்லை. பூ வூரியின் கேள்விகளிலும் அது இல்லை. எந்த ரிமோட், எந்தக் கண், எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்டவர், பேட்டரியை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டதில்லை.

அன்றே புகார் எழுதிய எல்லோருக்கும் ஒரே கேள்வி போனது. உங்கள் பேட்டரியை வெயிலில் வைப்பீர்களா?

பதில்கள் வரவரப் பூ வூரி அவற்றைச் சோத்தோக் கடையில் படித்துக் காட்டினார். ஹைபோங்கிலிருந்து: "ஆமா, மொட்டை மாடியில. ஏன், வைக்கக் கூடாதா?" இலோயிலோவிலிருந்து: "சன்னல் ஓரத்துல, மீன் கருவாட்டுக்குப் பக்கத்துல." மக்காஸாரிலிருந்து ஒருவர் சற்றுக் கோபமாக: "வச்சா உங்களுக்கு என்ன?" மிண்டனாவோக்காரர் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார். அவர் வெயிலில் வைப்பதில்லை. தொடைக்கு அடியில் வைத்துச் சூடேற்றுகிறார்.

"எல்லாரும் நம்ம ஆளுங்கதான்" என்று பூ தாத்திக் தீர்ப்புச் சொன்னார்.

நோய் தெரிந்துவிட்டது. ஆனால் மருந்து எளிதாக இல்லை. கிரா-கிராவைப் பெரிதாக்கினால் நீள மினுக்கும் குட்டை மினுக்கும் ஒன்றோடொன்று குழம்பிப்போகும். அப்போது யோரிஸ் சொன்னது உண்மையாகிவிடும். பூ வூரி பல காலைகள் இதோடு மல்லுக்கட்டினார். சோறு அடிப்பிடித்த வாடை எங்கள் வீடு வரை வந்தது.

வழி செனாம் தளத்திலிருந்துதான் வந்தது. பூ தாத்திக்குக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரே டங்டுட் பாட்டைத் தொடக்கத்தில் வேகமாக ஓட்டுவார், முடிவில் அதையே மெதுவாக ஓட்டுவார். பெண்கள் இரண்டுக்கும் தப்பில்லாமல் ஆடுவார்கள். முதல் இரண்டு தட்டைக் கேட்டதும் இன்றைய வேகம் இது என்று கால்களுக்குத் தெரிந்துவிடும். பிறகு நீள அடியையும் குட்டை அடியையும் அந்த வேகத்துக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கின்றன. ஓரமாக உட்கார்ந்து கால்களைப் பார்த்துக்கொண்டிருந்த பூ வூரி, எழுந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒவ்வொரு ரிமோட்டும் சொல்ல வந்ததைச் சொல்வதற்கு முன் தொண்டையைக் கனைப்பது போல ஒரு மினுக்கை விடும். அதுவரை நூலகம் அதைக் கேட்டுவிட்டுத் தள்ளிவிடும். இனி அதிலிருந்தே இவன் இன்று எவ்வளவு களைத்திருக்கிறான் என்று கணித்துக்கொள்ள வேண்டும். மற்ற மினுக்குகளை அந்தக் களைப்புக்கு ஏற்ப அளக்க வேண்டும். பொறுமையின் அளவு அதேதான். அதை யாருடைய அளவுகோலில் வைப்பது என்பதுதான் மாறியது. பேசுபவனை அவனுடைய வேகத்திலேயே கேட்பது. நான் படித்த புத்தகங்களில் இதற்குப் பெரிய பெயர்கள் இருக்கின்றன. பூ வூரியிடம் சொன்னேன்.

"அப்படியா? புத்தகத்துல சோதிச்சுப் பாத்தாங்களா?" என்று கேட்டார்.



எழுதியதை யோரிஸுக்கு அனுப்பினார். அங்கிருந்து வந்த பதில் நேர்மையானது. காரணம் சரியாகத்தான் தோன்றுகிறது, ஆனால் நானே என் கண்ணால் பார்க்காமல் முன்மொழிவைத் திரும்பப் பெற முடியாது என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு சங்கடம். சோதித்துப் பார்க்க அவர் வீட்டில் தளர்ந்த பேட்டரி ஒன்றுகூட இல்லை. பேட்டரியைத் தளர வைப்பது எப்படி என்று கேட்டிருந்தார்.

இதைக் கேட்டுப் பூ தாத்திக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "தளர்ந்த பேட்டரி இல்லையா? ஒண்ணுகூடவா? என்ன வீடு அது?"

"புதுசுதான் வச்சிருக்காராம்."

"பாவம். நாம மூட்டை கட்டி அனுப்புவோமா?"

"போய்ச் சேர்றதுக்குள்ள பதிப்பு வந்துரும் பூ."

பூ வூரி யோசித்தார். அங்கே என்ன காலம் என்று கேட்டு யோரிஸுக்கு ஒரு வரி எழுதினார். பனி கொட்டுகிறது என்று பதில் வந்தது. அப்படியானால் பேட்டரியை வெளியே பனியில் வையுங்கள், குளிரில் அதன் தெம்பு இறங்கிவிடும், நாங்கள் செய்வதன் தலைகீழ், என்று எழுதினார். அதற்குப் பிறகு ஹாலந்திலிருந்து சத்தம் இல்லை. பதிப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரம் பூ தாத்திக்கிடம் ஒரு கட்டளை போட்டார் பூ வூரி.

"பேட்டரியக் காய வைக்காதீங்க."

"காய வைக்கலைன்னா நடுவுல நின்னுருமே! பொம்பளைங்க என்னத் திட்டுவாங்க."

"புது நூலகத்த உங்க கம்ப்யூட்டர்ல போட்டிருக்கேன். நிக்குதா பாக்கலாம்."

"நின்னா?"

"நின்னா அவன் சொன்னதுதான் சரி."

 

ஞாயிறு காலை மதிலில் கெருபுக் மட்டும் இருந்தது. பேட்டரிகள் வெயிலையே பார்க்காமல், சோர்ந்த உயிரோடு ரிமோட்டுக்குள் கிடந்தன. முதல் பாட்டு போனது. இரண்டாவது பாட்டு போனது. பூ தாத்திக் இடுப்பிலிருந்து ரிமோட்டை உருவும்போதெல்லாம், பாம்பைப் பிடிப்பவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுத்தினார். ஒவ்வொரு முறையும் பாட்டு மாறியது. வெயில் ஏறியது. வழக்கமாகச் சண்டி செய்யும் நேரம் வந்தது. அழுத்தினார். மாறியது. மறுபடி அழுத்தினார். மாறியது. வேண்டுமென்றே முன்னும் பின்னுமாக அழுத்தி விளையாட ஆரம்பித்தார். கீழே நின்றவர்கள் எந்தப் பாட்டுக்கு ஆடுவது என்று தெரியாமல் கூச்சல் போட்டார்கள்.

பூ வூரி வலைக்கம்பத்தில் சாய்ந்து நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. திரையைத் தள்ளி, முதலிலிருந்து மறுபடியும் படித்தார்.

"என்ன?" என்றேன்.

கைப்பேசியை என்னிடம் நீட்டினார். யோரிஸ் எழுதியிருந்தார். பேட்டரிகளைப் பால்கனிப் பனியில் புதைத்து வைத்திருக்கிறார். ஒன்றை அண்டங்காக்கை தூக்கிப்போகப் பார்த்ததாம். எடுத்து ரிமோட்டில் போட்டதும், துல்லியமான அந்த உள்வசதி முதல் அழுத்தலிலேயே செவிடாகிவிட்டது. உங்கள் நூலகம் ஒன்றுதான் ஒவ்வொரு அழுத்தலுக்கும் பதில் சொன்னது. முன்மொழிவைத் திரும்பப் பெற்றுவிட்டேன். தொகுப்பில் இருக்கும் எல்லாக் கணினிகளுக்கும் உங்களுடையதையே முதல் தேர்வாக வைக்கும்படி இன்னொரு முன்மொழிவை நானே வைத்திருக்கிறேன், யாரும் எதிர்க்கவில்லை. கடைசியாக ஒரு கேள்வி: கிரா-கிரா என்பதை எப்படி உச்சரிக்க வேண்டும்?

பாராட்டு எனக்கு எளிதில் வராது. அன்று வந்தது, ஆனால் சொல்வதற்குள் பூ வூரி அங்கே இல்லை. ஆடிக்கொண்டிருந்த வரிசைகளுக்குள் நுழைந்து, கைகளுக்கும் கால்களுக்கும் இடையே குனிந்து வளைந்து, மேடைக்கு முன்னால் போய் நின்றார். கையை நீட்டினார். பூ தாத்திக் ஆட்டத்தை நிறுத்தாமலே ரிமோட்டைக் கொடுத்தார்.

பூ வூரி மடிக்கணினிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெண்களைப் பார்த்துத் திரும்பினார். ரிமோட்டைத் தோளுக்கு மேல் பின்பக்கமாக நீட்டினார். கண்ணால் பார்க்காமலே அழுத்தினார்.

பாட்டு சட்டென்று நின்றது. பாட்டு நின்றால் நின்ற இடத்தில் நின்றபடியே இருக்க வேண்டும் என்பது பூ தாத்திக்கின் சட்டம். தளம் முழுவதும் பெண்கள் வலது காலைத் தூக்கி, இரண்டு கைகளையும் விரித்தபடி உறைந்தார்கள்.

"யாரு நிறுத்துனது?"

"பூ வூரி! வெளையாடாதீங்க, விழுந்துருவேன்!"

"என் இடுப்பு! பூ, என் இடுப்பு!"

மேடையில் ஒற்றைக் காலில் தள்ளாடிக்கொண்டே பூ தாத்திக் கத்தினார். "போடுங்க பூ பாட்டை! கேக்குதுன்னுதான் தெரிஞ்சுபோச்சே!"

பூ வூரி திரும்பவில்லை. கட்டைவிரலைப் பொத்தானுக்கு மேல் அந்தரத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, அத்தனை பேரையும் ஒற்றைக் காலில் நிற்க விட்டார்.